கடைசித் திகதியின் காவலர்

ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவித்தல் பலகை எந்த நாட்டில் இருந்தாலும் அதில் இரண்டு வகைக் காகிதங்களே நிலைத்து நிற்கின்றன. யார் வந்தார், யார் போனார், யார் பதவி உயர்ந்தார் என்று சொல்லும் ஆளணிச் செய்தி ஒன்று; எந்த அறக்கட்டளை எந்த நோய்க்கு எவ்வளவு பணம் வைத்திருக்கிறது, எந்தத் திகதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லும் நிதி வாய்ப்புச் செய்தி மற்றொன்று. செல்வந்த நாடுகளில் இவ்விரண்டையும் கவனிப்பதற்கென்றே ஆய்வு நிர்வாகப் பிரிவு என்னும் பெயரில் ஒரு மாடி நிறைய ஊழியர்கள் இருக்கின்றனர். கல்முனையிலிருந்து தெற்கே நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை கடந்து அக்கரைப்பற்றுவரை நீளும் கரையில் அந்த மாடி கிடையாது. அந்த மாடியின் முழு வேலையையும் சம்பளமின்றி, நியமனக் கடிதமின்றி, யாரும் கேளாமலே தனியொருவராகச் செய்துவரும் ஒரு மனித வகை உண்டு. ஆராய்ச்சி வசதிக்காக அவரை ‘அறிவித்தல் சேர்’ என்று இக்கட்டுரை அழைக்கும்.

இவ்வகையினர் ஒரே தொழிலைச் சேர்ந்தவர் அல்லர். பல்கலைக்கழக விரிவுரையாளராகவும், வைத்தியசாலை ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகவும், ஓய்வு பெற்ற விஞ்ஞானப் பாட ஆசிரியராகவும் காணப்படுகின்றனர். நோயின் மூலத்தையும் மருந்தின் செயலையும் உயிரணுவின் மட்டத்தில் ஆராயும் உயிர்மருத்துவ ஆராய்ச்சி என்ற துறையின் பெயர் காதில் விழுந்த மாத்திரத்தில் கைப்பேசியை எடுப்பதே இவர்களை இனங்காண உதவும் முதல் அடையாளம். கைப்பேசிகள் இரண்டு இருக்கும். ஒன்று செய்தி பெறுவதற்கு, மற்றது அனுப்புவதற்கு. தோளில் தொங்கும் மடிக்கணினிப் பையினுள் மடிக்கணினி இருப்பதாகச் சான்று எதுவும் இல்லை. ஆனால் கடந்த ஆண்டு முடிந்துபோன மூன்று விண்ணப்ப அழைப்புகளின் அச்சுப் பிரதிகள் நிச்சயமாக இருக்கும். பெண்பாலில் இவ்வகை மிக அரிது. இக்கரையின் பெண் விரிவுரையாளர்கள் அழைப்பைக் கண்டதும் தாமே விண்ணப்பித்துவிடுவதால், அதை ஊருக்கு அறிவிக்க அவர்களுக்கு நேரம் மிஞ்சுவதில்லை.

இவ்வகை இம்மண்ணில் தோன்றியதற்கு வரலாற்றுக் காரணங்கள் உள. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி, உறுப்பு நாடுகளல்லாத நாடுகளில் வாழும் முஸ்லிம் மாணவர்களுக்கென 1983 இல் ஒரு புலமைப்பரிசில் திட்டத்தைத் தொடங்கியது. மாணவனுக்கு அது கர்ழ் ஹஸன், அதாவது வட்டியில்லாக் கடன், அவன் உழைக்கத் தொடங்கியபின் திருப்பிச் செலுத்துவது அவனது சமூகத்துக்கே பயன்பட வேண்டும் என்பது ஏற்பாடு. கடலுக்கப்பால் பணம் இருக்கிறது, அதைப் பெற ஒரு படிவமும் இருக்கிறது என்ற ஞானம் இக்கரைக்கு அதிலிருந்தே பரவலாயிற்று. 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டே முழுப் பல்கலைக்கழகமாகி, அப்போதைய அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் ஒலுவிலில் வேரூன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம், விரிவுரையாளர் என்ற பதவியையும் அதனோடு வரும் பதவி உயர்வுக் கவலையையும் ஊருக்குள் கொண்டுவந்தது; அதன் வளாகக் கட்டடங்களுக்குக் குவைத் நிதியம் பணம் தந்ததை அறிவித்தல் சேர் தம் கோட்பாட்டுக்குரிய முதல் நிரூபணமாகக் கொள்வார். பின்னர் 2004 டிசம்பர் 26 இல் வந்த கடற்கோள், நாட்டிலேயே மிகுதியான உயிர்களை அம்பாறை மாவட்டத்திலிருந்து கொண்டுபோயிற்று. அத்துயரத்தின் பின்னால் வந்த தொண்டு நிறுவனங்கள், மீன்பிடிச் சங்கச் செயலாளர் முதல் முன்பள்ளி ஆசிரியை வரை எல்லோரையும் ‘புரபோசல்’ எழுதப் பழக்கிவிட்டுச் சென்றன. வந்த பணமெல்லாம் பயனாகிவிடுவதில்லை என்பதையும் ஊர் அப்போதே கற்றுக்கொண்டது; அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி நன்கொடையில் எழுந்த 500 வீடுகள், வழக்கு ஒன்றின் பின்னர் ஆண்டுக்கணக்கில் ஆளற்றுக் கிடந்ததை அறியாதவர் இங்கு இல்லை. ஊர் கற்ற இந்த இரண்டு பாடங்களில் அறிவித்தல் சேர் முதலாவதை மட்டும் மனனம் செய்தவர்.

அவரது ஆளணிச் செய்திப் பிரிவை முதலில் நோக்கலாம். தகுதிகாண் விரிவுரையாளர் ஒருவர் நிரந்தரமாக்கப்படுவது, இரண்டாம் தரச் சிரேஷ்ட விரிவுரையாளர் முதலாம் தரமாவது, பேராசிரியராவது என்ற ஒவ்வொரு படிக்கும் அவரிடம் தனித்தனி வாழ்த்து வாசகம் உண்டு; தரம் கூடக் கூட வாசகத்தில் மலர்ச்செண்டுகளும் கூடும். பேராசிரியர் பதவிக்கான புள்ளித் திட்டத்தை வகுத்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 916 ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தை அவர் பந்தி பந்தியாக ஒப்புவிப்பார். எந்தக் கட்டுரைக்கு எத்தனை புள்ளி, யாருக்கு இன்னும் எத்தனை குறைகிறது என்பது உரியவரின் மனைவிக்குத் தெரியுமுன் அவருக்குத் தெரியும். பல்கலைக்கழகப் பேரவைக் கூட்டம் முடிந்து உறுப்பினர்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள், நியமனம் பெற்றவரின் ஊரில் வாழ்த்துப் பதாகைக்கு அச்சகத்தில் சொல்லியாயிற்று என்பார்கள். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் அப்பதாகை ஏறும்போது அதில் மூன்று படங்கள் இருக்கும்: பதவி பெற்றவர், அரசியல்வாதி ஒருவர், கீழ் மூலையில் ‘வாழ்த்துவோர்’ என்ற தலைப்பின்கீழ் அறிவித்தல் சேர். மூன்றாவது படமே பெரிதாக அமைந்துவிடுவது அச்சகத்தாரின் தவறு என்று ஒவ்வொரு முறையும் விளக்கம் தரப்படும்.

அளவீட்டு எண்களில் அவருக்குள்ள பற்றுத் தனி அத்தியாயத்துக்குரியது. 2005 இல் ஜோர்ஜ் ஹர்ஷ் என்னும் இயற்பியலாளர் எச் சுட்டெண் என்ற ஒன்றை முன்மொழிந்தார். ஓர் ஆய்வாளரின் பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்துத் தடவை மற்றவர்களால் எடுத்தாளப்பட்டிருந்தால் அவரது எண் 10 ஆகும் என்பதே அதன் சாரம். அறிவித்தல் சேருக்கு இது மனிதரைச் சந்தித்ததும் சுகம் விசாரிப்பதற்கு முன் விசாரிக்க வேண்டிய விடயம். ஜோன் அயோனிடிஸ் என்னும் ஆய்வாளர் குழுவினருடன் 2019 முதல் வெளியிட்டுவரும், உலகின் அதிகம் எடுத்தாளப்பட்ட 2 சதவீத விஞ்ஞானிகளின் பட்டியல் வெளியாகும் நாள் அவருக்குப் பெருநாள். பட்டியலில் கிழக்கு மாகாணத்துப் பெயர் ஒன்று அகப்பட்டால் முதல் வாழ்த்து அவருடையது. அகப்படாவிட்டால் பெயரின் எழுத்துகள் ஒத்துப்போகும் மலேசியர் ஒருவருக்கேனும் வாழ்த்துப் போய்விடும். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்கள் விரிவுரையாளர்களுக்கு அனுப்பும் ‘மாண்புமிகு பேராசிரியரே’ என்று தொடங்கும் அழைப்பு மடல்களையும் அவர் சர்வதேச அங்கீகாரம் என்ற தலைப்பிலேயே வெளியிடுவார்; அத்தகைய வெளியீட்டாளர்களைப் பட்டியலிட்டுவந்த ஜெஃப்ரி பீல் என்ற அமெரிக்க நூலகர் 2017 இல் அப்பட்டியலை இணையத்திலிருந்து அகற்றிவிட்டது அவருக்குப் பெரும் ஆறுதல்.

புறப்பாட்டுச் செய்திகளில் மட்டும் அவர் குரல் தாழும். உயர்கல்விக்காகச் சம்பளத்துடன் வெளிநாடு செல்லும் விரிவுரையாளர் திரும்பிவந்து குறித்த காலம் பணியாற்றுவதாகப் பிணைமுறி எழுதிக் கொடுப்பது வழக்கம். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் திரும்பிவராதோர் பெருகியபோது, அவர் அவர்களை ‘விடுமுறையில்’ என்ற நிரலிலிருந்து ‘அவுஸ்திரேலியாவில்’ என்ற நிரலுக்கு மாற்றினாரேயன்றிப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. அவர் கணக்கில் இந்நிறுவனங்களை விட்டு எவரும் விலகுவதில்லை; மெல்பேர்னிலும் டொரொண்டோவிலும் கிளைகள் மட்டுமே திறக்கப்படுகின்றன.

இனி நிதி வாய்ப்பு. இதுவே அவரது உண்மையான ஆட்சிப்புலம். விண்ணப்ப அழைப்பு ஒன்றில் தொகை, தலைப்பு, தகைமை என மூன்று பகுதிகள் இருக்கும். தொகையை அவர் முழுமையாக வாசிப்பார். தலைப்பைப் பாதி வாசிப்பார். யார் விண்ணப்பிக்கலாம் என்று கூறும் தகைமைப் பந்தியை அடையுமுன்னரே ‘அனுப்பு’ என்ற பொத்தானை அவரது பெருவிரல் அடைந்துவிடும். இதனால் ஆபிரிக்க நாட்டவருக்கு மட்டுமான மலேரியா மானியம் சாய்ந்தமருது ஆசிரியர் சங்கத்துக்கும், முப்பத்தைந்து வயதுக்குட்பட்டோருக்கான பரிசு ஓய்வூதியர் நலன்புரிச் சங்கத்துக்கும் உரிய காலத்தில் கிடைத்துவிடுகின்றன. காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதி பற்றிய அழைப்பொன்று ஜனாஸா அறிவித்தலுக்கென அமைந்த வட்ஸ்அப் குழுமத்துக்குப் போவதும் உண்டு; அங்கு வாசிக்காமலேயே மரணச் செய்திக்குரிய ‘இன்னா லில்லாஹி’ என்று பதிலிடுவோர் பலர். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களுக்கு வரும் விண்ணப்பங்களிலேயே பல ஆண்டுகளாக ஐந்தில் ஒன்றளவே பணம் பெற்றுவந்தது என்பதை நோக்கினால் அப்பதிலைப் பொருத்தமற்றதென்று தள்ளிவிட முடியாது.

நேரக் கணிதத்தில் அவர் தம்மைப் பஞ்சாங்க ஆசிரியராகக் கருதுகிறார். லண்டன் அறக்கட்டளையின் அழைப்பு அங்குள்ள நேரம் நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன் முடிந்தால், இலங்கை நேரம் கிறீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது என்பதால், அக்கரைப்பற்றில் அது மறுநாள் அதிகாலை 5.29, கோடையில் இங்கிலாந்தார் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளுவதால் 4.29. சுபஹுத் தொழுகைக்கு எழுந்தவர்களிடம் பள்ளிவாசல் வாசலில் வைத்தே ‘தம்பி, இன்னும் கொஞ்ச நேரம் இரிக்கி’ என்று நினைவூட்ட இந்த ஏற்பாடு அவருக்கு மிகவும் தோதானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அழைப்புகள் பிரசல்ஸ் நேரம் மாலை 5 மணிக்கு மூடப்படுபவை. குளிர்காலத்தில் அது இங்கு இரவு 9.30, இஷாத் தொழுகைக்குப் பின். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களின் மாலை 5 மணி மட்டும் அவருடைய புகழுக்கு இழுக்குத் தேடித் தந்தது. அது வொஷிங்டனின் 5 மணி, ஆகவே இங்கு மறுநாள் பின்னிரவு இரண்டரை அல்லது மூன்றரை என்று அவர் கணித்துக் கொடுப்பது வழக்கம். அந்நிறுவகங்களின் விதியோ விண்ணப்பிக்கும் நிறுவனம் இருக்கும் ஊரின் 5 மணி என்று கூறுகிறது. அவரது கணிப்பை நம்பி இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஆறுதலாகக் கணினியின் முன் அமர்ந்தவர்கள், கதவு மாலை அஸர் தொழுகைக்குப் பின்னரே சாத்தப்பட்டுவிட்டதைக் கண்டனர். மறுநாள் அவர் அனுப்பிய செய்தியில் இது குறித்து ஒரு வரியும் இல்லை. அடுத்த சுற்றின் திகதி மட்டும் இருந்தது.

நாட்டின் வறுமையைப் பற்றி அவர் கொண்டுள்ள கருத்து பொருளியலாளர்களைத் திகைக்க வைக்கும். தனிநபர் வருமானத்தின்படி நாடுகளைத் தரம்பிரிக்கும் உலக வங்கி, 2019 ஜூலையில் இலங்கையை உயர்நடுத்தர வருமான நாடாக உயர்த்தியது. தனிநபர் வருமானம் 4,060 டொலர் என்றும் எல்லைக்கோட்டை அது சற்றே தாண்டிவிட்டது என்றும் கணக்குச் சொன்னது. நாடு மகிழ்ந்த அன்று அறிவித்தல் சேர் பகலுணவு உண்ணவில்லை. கீழ்நடுத்தர வருமான நாடுகளுக்கென்று ஒதுக்கிய மானியங்கள் கைநழுவும் என்பது அவர் கவலை. பல நிதியாளர்கள் இரண்டு நடுத்தரங்களையும் ஒன்றாகவே ஏற்கின்றனர் என்பது அவர் வாசிக்காத தகைமைப் பந்தியில்தான் இருந்தது. மறு ஆண்டு ஜூலையில் வருமானம் 4,020 டொலராகக் குறைந்து, எல்லைக்கு ஏறத்தாழ 25 டொலர் கீழே நாடு இறங்கியபோது, ‘அல்ஹம்துலில்லாஹ், பழைய இடத்துக்கு வந்திட்டம்’ என்ற செய்தி எல்லாக் குழுமங்களுக்கும் சென்றது. 2022 டிசம்பரில் உலக வங்கி, வறிய நாடுகளுக்குச் சலுகைக் கடன் வழங்கும் தன் சர்வதேச அபிவிருத்திச் சங்கத்தின் உதவிக்கு இலங்கையைத் தகுதியாக்கியதை அவர் தனிப்பட்ட பதவி உயர்வாகவே கொண்டாடினார்.

இத்தனை அறிவித்தல்களுக்கும் இடையில் உண்மையான பணம் எவ்வளவு என்று கேட்பது மரியாதைக் குறைவு. ஆயினும் சொல்லத்தான் வேண்டும். ஆராய்ச்சிக்கும் விருத்திக்கும் இலங்கை செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 0.1 என்ற அளவை ஒட்டியே பல ஆண்டுகளாக நிற்கிறது. தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் தரும் மானியங்கள் ரூபாவில் அமைபவை. ஆய்வுகூடத்துக்கு வேண்டிய இரசாயனங்களும் மரபணுச் சோதனைப் பொருட்களும் டொலரில் விற்பவை. 2022 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டபோது, முந்திய ஆண்டு கிடைத்த மானியத்தால் வாங்க எண்ணியதில் பாதியளவே வாங்க முடிந்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் தடைப்பட்டபோது, பூச்சியத்துக்குக் கீழே 80 பாகை செல்சியஸில் வைத்திருக்க வேண்டிய இரத்த மாதிரிகள் அந்தப் பாதியையும் கேள்விக்குள்ளாக்கின. பணம் குறைந்த இடத்தில் பணத்தைப் பற்றிய செய்தி பெருகும் என்பது இவ்வகையினரின் தோற்றத்தை விளக்கும் ஒரே விதி. பத்து மானியம் கிடைக்கும் நிறுவனத்தில் பதினோராவதைப் பற்றிப் பேச ஆளிருக்காது. ஒன்றும் கிடைக்காத இடத்தில் கிடைக்கக்கூடிய நூறைப் பற்றிப் பேச ஒருவர் முழுநேரமாக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தொகையையும் அவர் முதலில் ரூபாவாக்கி, பின்னர் அதை அக்கரைப்பற்றில் எத்தனை ஏக்கர் வயலுக்குச் சமம் என்று கணித்துச் சொல்வது கேட்பவர் மனத்தில் அளவைப் பதிய வைப்பதற்காகவே. ஆய்வு முடிந்ததும் அந்த வயல் விண்ணப்பதாரர் பெயரில் எழுதப்படமாட்டாது என்பதை ஒரு முதியவருக்கு அவர் பலமுறை விளக்க நேர்ந்தது.

அவர் தாமே ஏன் விண்ணப்பிப்பதில்லை என்ற வினாவுக்கு அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. ‘காக்கா, நீங்க போடல்லையா?’ என்று கேட்கும் இளைஞருக்கு ‘நமக்கு வயசு போயிட்டு மகன், நீங்கதான் போடணும்’ என்பதே விடை. இதே விடையை அவர் முப்பத்திரண்டாம் வயதிலும் சொன்னதாக உடன்படித்தவர்கள் நினைவுகூர்கின்றனர். நெருக்கிக் கேட்டால் ஆய்வு நெறிமுறைக் குழுவைக் குறை சொல்வார். மனிதரிடம் இரத்தம் எடுத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும், ஹெல்சிங்கிப் பிரகடனம் வகுத்த வழியில், பங்குபற்றுவோரின் நலனைக் காக்கும் அக்குழுவின் அனுமதி வேண்டும், அந்த அனுமதிக்கு ஸ்பைரல் கட்டிய பிரதிகள் பல வேண்டும், அவற்றைக் கொழும்புக்கு இரவு பஸ்ஸில் கொடுத்தனுப்ப நம்பிக்கையான சாரதி வேண்டும், அந்தச் சாரதி சென்ற மாதம் வேலையை விட்டுவிட்டார் என்று காரணம் நீளும். இன்னும் நெருக்கினால் கஸ்டெலானிக்குத் தாவுவார். கொழும்பில் 1900 இல் நுண்ணுயிரியல் நிறுவகமாகத் தொடங்கி இன்று மருத்துவ ஆராய்ச்சி நிறுவகமாக விளங்கும் இடத்துக்கு 1903 இல் பணிப்பாளராக வந்த இத்தாலியரான அல்டோ கஸ்டெலானி, யாஸ் என்னும் தோல் நோயின் கிருமியை 1905 இல் கண்டறிந்தபோது எந்த அழைப்புக்கு விண்ணப்பித்தார், எந்தப் படிவத்தை நிரப்பினார் என்பது அவர் எழுப்பும் வினா. அந்த வினாவுக்கு விடை சொல்ல முற்படுவோர் தாம் கேட்ட வினாவை மறந்துவிடுவர் என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருக்கிறார்.

இவ்வளவும் கூறியபின் அவரைப் பயனற்றவர் என்று தீர்ப்பளிப்பது நியாயமாகாது. இக்கரையின் வயல்களில் வட்டவிதானை என்றொருவர் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் எப்போது திறக்கப்படும், எந்த வயல் வட்டைக்கு முதலில் போகும் என்பதை அறிந்து விவசாயிகளைக் கூப்பிட்டுச் சொல்பவர் அவர், அதற்காக அறுவடையில் நெல்லாக ஒரு பங்கு பெறுபவர். அறிவித்தல் சேர் விஞ்ஞானத்தின் வட்டவிதானை; நெற்பங்கு மட்டும் அவருக்குக் கிடைப்பதில்லை. கொழும்பிலும் பேராதனையிலும் இருப்போர்க்குக் கூட்டங்களிலும் உணவுச்சாலையிலும் தானாக வந்து சேரும் தகவல், ஓர் இரவுப் பயணத் தூரத்திலுள்ள இவ்வூருக்கு அவர் வழியாகவே வருகிறது. அவர் அனுப்பிய நூற்றில் தொண்ணூற்றொன்பது பொருந்தாதவை என்றாலும், பொருந்திய ஒன்றால் ஸ்டொக்ஹோமில் 1972 இல் தோன்றிய சர்வதேச விஞ்ஞான அறக்கட்டளை போன்ற ஓர் அமைப்பின் சிறு மானியத்தையோ, வெளிநாட்டுக் கலாநிதிப் பட்டத்துக்கான இடத்தையோ இளம் விரிவுரையாளர் ஒருவர் பெறுவது நடக்கக்கூடியதே. அவ்வாறு பெற்றவர் தம் ஆய்வேட்டின் நன்றியுரையில் மேற்பார்வையாளரையும் பெற்றோரையும் வாழ்க்கைத் துணையையும் குறிப்பிட்டு, அறிவித்தல் சேரைக் குறிப்பிட மறந்துவிடுவார். அதைப் பார்த்தும் அவர் கோபிப்பதில்லை. ஆய்வேட்டைப் படமெடுத்து எல்லாக் குழுமங்களுக்கும் ‘நம்மூர்ப் பிள்ளையின் சாதனை’ என்று அனுப்பிவிடுகிறார்.

ஆகவே அவரிடமிருந்து செய்தி கிடைக்கும் வாசகர்கள் முதலில் தகைமைப் பந்தியை வாசிக்கவும்; கடைசித் திகதியை நிதியாளரின் சொந்தப் பக்கத்திலேயே ஒருமுறை சரிபார்க்கவும்; அதன்பின் அவருக்கு ‘கிடைத்தது, ஜஸாகல்லாஹு ஹைரன்’ என்று இரண்டு சொல்லாவது எழுதவும். பதில் வராத செய்தியை அவர் மறுநாள் ‘நினைவூட்டல்’ என்றும், அதற்கு மறுநாள் ‘இறுதி நினைவூட்டல்’ என்றும், கடைசித் திகதி முடிந்தபின் ‘கால நீடிப்புக் கிடைக்கலாம்’ என்றும் அனுப்புவார்.